சூளைக் கம்பத்து அவுலியா

அத்தியாயம் 14

நெய்னா முகம்மதுவின் அவுலியா வருஷத்துக்கு வருஷம் ஊர் மாறிக்கொண்டே இருந்தார். தங்கை ரஷீதாவுக்குக் கல்யாணமான புதிதில் அவர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நெய்னாவின் மகன் ஃபஹத் பிறந்த சமயம் ஏமன் நாட்டுக்காரர் ஆனார். போன வாரம் தொலைபேசியில் பேசும்போது பக்தாதுக்கே போய்விட்டார்.

"பக்தாத்னு பேனல்ல போட்டா ஒரு கனம் இருக்கும், தங்கச்சி."

வேறு நாளாக இருந்தால் ரஷீதா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் தேநீர் குடித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் கிராஞ்சிக்கு உள்ளே, நர்சரிகளையும் ஊழியர் விடுதிகளையும் தாண்டிப் போனால் சூளைக் கம்பம். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று செங்கல் சுடுவதற்காக உண்டாக்கிய ஊர். இரண்டு வரிசைச் செங்கல் வீடுகள், மேட்டில் துரை பங்களா, வானத்தைப் பார்த்து ஒரு புகைபோக்கி, சாலையோரம் மூன்று கடைகள். நடுக்கடை, ரஷீதாவின் வாப்பா ஒலி முகம்மது நடத்திய மளிகை. சூளை அணைந்தது, சனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள், ஊர் காடு மண்டிக் கிடந்தது. இப்போது அதைப் பழுதுபார்த்து, அந்தக் காலத்து வாழ்க்கையைப் பார்க்க வருகிறவர்களுக்காக, இடத்துக்கு இடம் கதை எழுதிய பேனல் பலகை வைத்து, திறக்கப் போகிறார்கள். அந்த வேலையில் இருப்பவர்களில் ஒருத்தி ரஷீதாவின் மகள் அமீரா.

கடைக்குப் பின்னால், குளத்தோரமாக, பச்சைப் போர்வை போர்த்திய கபுரு, அதாவது சமாதி, ஒன்று இருக்கிறது. கம்பத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் அது ஓர் அவுலியாவின் கபுரு, கேட்டதைக் கொடுக்கும் பெரியவர். ரஷீதா ஒருத்திக்கு மட்டும் அது முனீராவின் கபுரு. முனீரா அவளுடைய லாத்தா, அதாவது அக்கா. நெய்னாவுக்கும் முந்திப் பிறந்து, உட்காரப் பழகும் முன்பே காய்ச்சலில் போன பிள்ளை.

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டிச் சாலையெல்லாம் வெள்ளம். மையவாடிக்கு, அதாவது இடுகாட்டுக்கு, போக வழியில்லை. பிள்ளையின் மய்யித்தை வைத்துக்கொண்டு தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. வாப்பாவும் பக்கத்துக் கடை மலாய்க்காரரும் சேர்ந்து தொழுகை வைத்துக் கடைக்குப் பின்னால் அடக்கினார்கள். சூளை நிலத்தில் யாரையும் அடக்கக் கூடாது என்பது துரையின் சட்டம். இன்றைக்குப் புல் முளைத்த இடத்தை நாளைக்குக் களிமண்ணுக்காக வெட்டுவார்கள். ஆகவே இரண்டு பேரும் வெளியே மூச்சு விடவில்லை.

உம்மாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. வெள்ளி ராவு ஆனால் போய்ச் சாம்பிராணி போடுவாள். யாருடைய கபுரு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். அவள் பேசாத இடத்தில் கம்பமே ஒரு பெரியவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தது. ஒருத்தி விளக்கேற்றினாள், இன்னொருத்தி பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டினாள், யாரோ பச்சைத் துணி வாங்கிப் போர்த்தினார்கள். மண் எடுக்கும் குழி அந்தப் பக்கம் நகர்ந்து வந்தபோது வெட்டுகிற ஆட்கள், தமிழரும் சீனரும் ஒன்றாக, அங்கே மண்வெட்டி போட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். துரையும் குழியை வளைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டான். இன்றைக்குக் குளமாகிவிட்ட அந்தக் குழி அந்த இடத்தில் வளைந்து போவது அதனால்தான்.

வாப்பா வாயைத் திறப்பாரா? கந்தூரி விழா வரும்போதெல்லாம் கபுரைச் சுற்றி நாலு செங்கல் கூட வைத்துப் பூசிவிடுவார். கபுரு வளர்கிறது என்று ஊரே மூக்கின் மேல் விரலை வைத்தது.

இத்தனையையும் உம்மா ரஷீதாவிடம் சொன்னது, ரஷீதாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாளில். எனக்கும் ஒன்று போயிருக்கிறது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். அவளை யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள். ஆண்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். ரஷீதா அன்றிலிருந்து சொல்லவில்லை.

கதை இப்போது சனிக்கிழமைக் காலைக்கு வந்துவிட்டது.

சுவா சூ காங் வீட்டில் அமீரா பிஹூன் சேமியாவை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"உம்மா, ஒண்ணு கேக்கணும். கோபப்படக் கூடாது."

"கேளு."

"அந்த கபுரு மேல பூசியிருந்த சிமெண்ட்டை கான்ட்ராக்டர் ஆளுங்க எடுத்துட்டாங்க. பழைய செங்கல் வெளிய தெரியணும்னுதான். உள்ளுக்குள்ள இன்னொரு கட்டு இருக்கு. நம்ம சூளை முத்திரை போட்ட கல்லு. ரொம்பச் சின்னது." அவள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு கையையும் கொஞ்சம் தள்ளி இன்னொரு கையையும் வைத்துக் காட்டினாள். பாதி மேசைக்குக்கூட வரவில்லை. "மாமா சொல்ற பெரியவர் இதுக்குள்ள எப்படி லா படுப்பார்?"

"அந்தக் காலத்துல எப்படிக் கட்டினாங்களோ. எனக்கென்னம்மா தெரியும்?"

"இன்னிக்கு மிஸ் கோ கேப்பாங்க. அவங்கதான் ப்ராஜெக்ட் ஹெட். பெரியவர் கபுருன்னா அது ஹெரிடேஜ், இருந்த இடத்துலயே இருக்கும். யாரோ குடும்பத்து கபுருன்னா வேற கதை. வாரிசைக் கூப்பிட்டுப் பேசி, இங்க சுவா சூ காங் மையவாடிக்கு மாத்துவாங்க."

"மாத்துறதுன்னா?"

"தோண்டித்தான் உம்மா."

ரஷீதா கழுவிய குவளையையே மறுபடி கழுவினாள். முதுகுக்குப் பின்னால் மகள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க நானாவின், அதாவது அண்ணன் நெய்னாவின், அளப்பைக் கேட்டு உள்ளுக்குள் நெளிந்தவள், அந்த நிமிஷத்தில் அதே அளப்புக்காகத் துஆ கேட்டாள். அவர் பக்தாத் என்று சொல்லட்டும், பல்கு என்று சொல்லட்டும். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். முனீரா படுத்த இடத்தில் படுத்திருந்தால் போதும்.

அமீரா மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் காரைக் கீழே நிறுத்தியிருந்தாள். வழியில் வேலையாட்களை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காற்றுக்குக் கண்ணை மூடியிருந்தார்கள். வானொலியில் யாரோ மட்டும் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சூளைக் கம்பத்தில் நெய்னா ஏற்கனவே ஆஜர். வெள்ளை ஜிப்பா, கறுப்புத் தொப்பி, கையில் சிராங்கூன் சாலைக் கடையில் தைக்கக் கொடுத்து வாங்கிய புதுப் பச்சைப் போர்வை, ஓரமெல்லாம் தங்கச் சரிகை. கேலாங்கிலிருந்து ஃபஹத் காரில் இறக்கிவிட்டுப் போயிருந்தான். அக்கம்பக்கத்துப் பள்ளிவாசல்களில் மய்யித்துக் குளிப்பாட்டவும் கபுருக்குள் இறங்கி வாங்கி வைக்கவும் ஆள் வேண்டுமென்றால் நெய்னாவைத்தான் கூப்பிடுவார்கள். காசு வாங்காமல் எந்த நேரத்திலும் போவார். பேச்சில்தான் கொஞ்சம் சரிகை அதிகமே தவிர மனுஷன் தங்கம். அது ரஷீதாவுக்கும் தெரியும்.

"வாம்மா தங்கச்சி. கடையைப் பார்த்தியா? வாப்பா உக்கார்ற பலகையைக்கூட அப்படியே செஞ்சு போட்டிருக்காங்க."

"பார்த்தேன் நானா."

கடைவாசலில் பூவம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் புருஷனும் சூளையில் கல் சுமந்தவர்கள். அவள் மகன் சரத் பின்னால் நின்று அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். கபுருக்கு மேலே சாய்ந்திருக்கும் மரத்தில் ஒரு காலத்தில் தன் புடவைக் கிழிசலால் தொட்டில் கட்டியவள் அவள். அடுத்த வருஷம் பிறந்தவன்தான் இந்தச் சரத். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

"பாய், எங்க பெரியவரு பேரை எழுதப் போறாங்களாமே," என்றாள் பூவம்மா.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"நான் பேரே தெரியாம இத்தனை வருஷம் கும்பிட்டுட்டேன்."

"தெரியாமக் கும்பிட்டாலும் அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திடும் பூவம்மா." நெய்னா குரலைச் சற்று உயர்த்தினார், சுற்றி நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டுமல்லவா? "பக்தாதிலேருந்து வந்தவங்க. கடல்ல கப்பல் உடைஞ்சப்ப ஒரு பலகையில..."

கப்பல் உடைந்தது இந்த வருஷப் புதுச் சரக்கு. ரஷீதா தலையை ஆட்டினாள்.

மிஸ் கோ வந்தார். மெலிந்த சீனப் பெண்மணி, வெயிலில் கறுத்த கைகள், பேச்சில் அவசரமே இல்லை. எல்லோரையும் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கபுருக்கு மேல் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. மழைக்காகப் போட்டது, உள்ளே பார்த்தால் வியப்பாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அமீராவுடன் சேர்ந்து அதைச் சுருட்டி எடுத்தார்.

பூச்சு போயிருந்தது. வாப்பா வருஷாவருஷம் கூட்டிய செங்கல் வரிசைகள் வெளியே தனித்தனியாகத் தெரிந்தன. அத்தனைக்கும் நடுவில், கறுத்துப்போன பழைய கல்லில், அந்தச் சின்னக் கட்டு.

நெய்னா பேச்சை நிறுத்தினார். பாதி வாக்கியத்தில் அவர் நிறுத்தி ரஷீதா பார்த்ததே இல்லை.

அவர் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஜிப்பா மண்ணில் படுவதைக் கவனிக்கவில்லை. கட்டின் ஓரமாகத் தன் முழங்கையை வைத்து, விரல் நுனி எங்கே வருகிறதென்று பார்த்தார். எத்தனை கபுருக்குள் இறங்கியவர். பெரியவர்களுக்கு எவ்வளவு வெட்டுவார்கள், பிள்ளைகளுக்கு எவ்வளவு வெட்டுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ரஷீதா, இங்க வா."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள், ஏதோ ஓதுகிறார்கள் என்று நினைத்து விலகி நின்றார்கள்.

"இது புள்ளை."

ரஷீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். நானாவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அந்த முகத்தில் அவமானம்கூட இல்லை, வழி தவறிய சின்னப் பையனின் முகம்போல இருந்தது.

"நம்ம லாத்தா, நானா. உங்களுக்கு மூத்தவங்க. பேரு முனீரா."

வெள்ளத்தைச் சொன்னாள், மலாய்க்காரரைச் சொன்னாள், உம்மாவின் சாம்பிராணியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சில் இத்தனை காலம் இறுகிக் கிடந்தது தளர்ந்தது, அதோடு பயமும் ஏறியது. நெய்னா தலை நிமிரவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"உம்மா சொல்ல வேணாம்னாங்க. அப்புறம் ஃபஹதுக்கு இழுப்பு வந்தப்ப நீங்க இங்க வந்து அழுது நேர்ந்துக்கிட்டீங்க. அவனுக்கும் குணமாயிடுச்சு. அதுக்கப்புறம் உங்ககிட்ட வந்து இங்க பெரியவர் யாரும் இல்லன்னு எப்படி நானா சொல்வேன்?"

ஃபஹதுக்கு மருந்து கொடுத்த டாக்டருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்த இடத்தில் இரண்டு பேருக்குமே டாக்டர் ஞாபகம் வரவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். மிஸ் கோ நெருங்கி வந்துகொண்டிருந்தார். ரஷீதா அண்ணனின் கையைப் பிடித்தாள்.

"நானா, பக்தாதுன்னே சொல்லிடுங்க. கப்பல் உடைஞ்சதையும் சொல்லுங்க. உண்மை தெரிஞ்சா தோண்டிடுவாங்க."

"நீயா சொல்ற இதை?"

"நான்தான் சொல்றேன். சொல்லுங்க."

மிஸ் கோ பக்கத்தில் வந்து பணிவாகக் கேட்டார். பெரியவரின் பெயரைக் குடும்பத்தார் சொன்னால் பேனலில் அப்படியே பொறிக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கட்டு இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு உங்களுக்குக் காரணம் தெரியுமா?

நெய்னா எழுந்து நின்றார். ஆயுசு முழுக்க அவர் காத்திருந்த கேள்வி. கேட்க ஆளும் இருந்தார்கள், கையில் சரிகைப் போர்வையும் இருந்தது.

"பெரியவர் இல்லை," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. "என் அக்கா. முனீரா, ஒலி முகம்மதுவின் மகள். கைக்குழந்தை."

அமீரா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவள் வந்து ரஷீதாவின் தோளில் கை வைத்துக்கொண்டாள். மிஸ் கோ கபுரைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார். அந்த அம்மாள் மேல் ரஷீதாவுக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

நெய்னா தங்கையிடம் தமிழில் முணுமுணுத்தார். "நான் அளக்கிறவன்தான், இல்லங்கல. ஆனா இவளை முன்னால வச்சுக்கிட்டு, நீ நீயில்ல, வேற யாரோன்னு சொல்ல வாய் வரல புள்ள."

பூவம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது என்று ரஷீதா தயங்கினாள். அவசியம் இருக்கவில்லை; சரத் குனிந்து அம்மாவின் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். பூவம்மா மரத்தைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள்.

"புள்ளையா இருந்துச்சு?" என்று கேட்டாள். "அதான் நான் புள்ளை கேட்டதும் அதுக்குப் புரிஞ்சிருக்கு."

நாற்காலியிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு, பையிலிருந்த கற்கண்டை எடுத்துச் சரத்திடம் கொடுத்து வைக்கச் சொன்னாள்.

நெய்னா புதுப் போர்வையை விரித்தார். அது வெளிக்கட்டையும் தாண்டி மண்ணில் புரண்டது. எடுத்து இரண்டாக மடித்தார், இன்னும் பெரிதாக இருந்தது. நாலாக மடித்து, சரிகையை உள்பக்கம் தள்ளி, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல மெல்லப் போர்த்திவிட்டார். அப்புறம் கையேந்தி ஓதினார். ரஷீதா அழுதாள், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஓதி முடித்ததும் மிஸ் கோ கடை நிழலுக்கு அழைத்துப் போய் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். நாங்களாக எதையும் தொட மாட்டோம். குடும்பத்தார் விரும்பினால் இங்கேயே இருக்க விசேஷ அனுமதி கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்றே நினைக்கிறேன். மாற்ற விரும்பினாலும் உரிய மரியாதையோடு செய்து தருவோம். ஒன்று மட்டும் வேண்டும். வாரிசுகள் நீங்கள் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

ரஷீதாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. காலையிலிருந்து பயந்த பயமெல்லாம் இவ்வளவுதானா? உம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நானா பக்கம் திரும்பினாள்.

"மாத்திடலாம்," என்றார் நெய்னா.

"என்ன நானா?"

"சுவா சூ காங்குக்குக் கொண்டுபோயிடலாம். உம்மா இருக்கிற மையவாடிக்கு. நானே உள்ள இறங்கி வாங்கி வைக்கிறேன்."

"அவளைத் தோண்டக் கூடாதுன்னு உம்மா என்கிட்ட கேட்டுக்கிட்டாங்க."

"அது துரைக்குப் பயந்து சொன்னது. இப்ப எந்தத் துரை இருக்கான்? நாளைக்கு இங்க டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்து ஆளாளுக்குப் போட்டோ எடுப்பாங்க. எங்க லாத்தா என்ன, காட்சிப் பொருளா?"

ரஷீதா குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். "அங்க மட்டும் விட்டுவைக்கிறாங்களா? கபுருக்குக் குடுத்த வருஷக் கெடு முடிஞ்சதும் உம்மாவையே எடுத்து, மத்தவங்களோட சேர்த்து வேற குழியில வச்சாங்க. வாப்பாவையும் அப்படித்தான். நீங்கதானே நானா கூட நின்னீங்க? நம்ம வீட்டுல வச்ச இடத்துலயே இருக்கிறது இவ ஒருத்திதான்."

நெய்னா குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"நானும் அதைத்தான் சொல்றேன் புள்ள. அங்க எல்லாரும் ஒண்ணாக் கிடக்காங்க. இவ ஒருத்திதான் தனியாக் கிடக்கிறா."

மிஸ் கோவும் அமீராவும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அரசாங்கத்துக்குச் சொல்ல ரஷீதா எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தாள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, நாற்காலியை நானாவின் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.